வியன்னாவில் முதல் நாள்: விமானம் ஏறுவது முதல் அன்றிரவு உறங்குவது வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கு முதன்முறையாகச் செல்லும் நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் அரண்மனைகளையும் அருங்காட்சியகங்களையும் பற்றி விசாரித்துவிட்டுப் புறப்படுகிறார்கள். போய் இறங்கிய அன்று அவர்களைத் திணறடிப்பவை வேறு விஷயங்கள்: குடிவரவுச் சோதனை எந்த ஊரில் நடக்கும், எந்த ரயிலில் ஏற வேண்டும், பூட்டிய தெருக்கதவின் முன் நின்று எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் தயிர் எங்கே கிடைக்கும் என்பவை. அந்த ஒரு நாளைக்கு வேண்டிய விவரங்கள் மட்டுமே இங்கே கேள்வி பதிலாகத் தரப்பட்டுள்ளன.

சென்னையிலிருந்து நேரடி விமானம் உண்டா? எந்த வழியாகச் செல்வது நல்லது?

நேரடி விமானம் இல்லை. ஓரிடத்திலாவது மாறித்தான் செல்ல வேண்டும். வழக்கமாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, லுஃப்தான்சாவில் ஃபிராங்க்ஃபர்ட் சென்று அங்கிருந்து வியன்னாவுக்கு மாறுவது. மற்றொன்று, துபாய், தோஹா, அபுதாபி போன்ற வளைகுடா நகரம் ஒன்றில் மாறுவது. கட்டணத்தை மட்டும் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர்களே அதிகம். ஆனால் குடிவரவுச் சோதனை எங்கே நடக்கும், விமானம் தாமதமானால் யாரிடம் என்ன கேட்கலாம் என்பவையும் இந்தத் தேர்வைப் பொறுத்தே மாறும் என்பதால் அவற்றையும் சேர்த்து யோசிப்பது நல்லது.

எந்த வழியானாலும், இரண்டு விமானங்களையும் ஒரே பயணச்சீட்டில் பதிவு செய்யுங்கள். தனித்தனியாக வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் குறையலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், புதிய பயணச்சீட்டுக்கான முழுச் செலவும் உங்கள் தலையில் விழும். வியன்னாவில் பிற்பகல் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே இறங்கும்படி நேரத்தை அமைத்துக்கொள்ள முடிந்தால் அதுவே மிகவும் வசதியானது. அறை தயாராக இருக்கும், கடைகள் திறந்திருக்கும், உறங்குவதற்கு முன் விழித்திருக்க வேண்டிய நேரமும் அதிகமாக இராது.

குடிவரவுச் சோதனை எங்கே நடக்கும்? என்ன கேட்பார்கள்?

ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் உடன்பாட்டு நாடுகளில் நீங்கள் முதலில் கால் வைக்கும் விமான நிலையத்திலேயே அது நடக்கும். வளைகுடா வழியாக வருபவர்களுக்கு அது வியன்னாவாகவே இருக்கும். ஃபிராங்க்ஃபர்ட் வழியாக வருபவர்கள் அங்கேயே அந்தச் சோதனையை முடித்துவிடுவதால், வியன்னாவில் இறங்கியதும் யாரும் கடவுச்சீட்டைக் கேட்காமல் நேராகப் பெட்டி வரும் இடத்துக்குப் போய்விடுவார்கள். குடிவரவு முத்திரை இல்லாமல் வெளியே வந்துவிட்டோமோ என்று அங்கே பதறி நிற்பவர்கள் உண்டு, பதற வேண்டியதில்லை. ஆனால் ஃபிராங்க்ஃபர்ட்டில் கடவுச்சீட்டு வரிசையோடு, இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு மீண்டும் ஒரு பாதுகாப்புச் சோதனையும் உண்டு என்பதால், இரண்டு விமானங்களுக்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும்.

2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய நுழைவு வெளியேற்றப் பதிவு முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளது. முத்திரைக்குப் பதிலாக நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் கணினியில் பதிவாகின்றன. முகத்தைப் படம் எடுக்கிறார்கள். விசாவுக்கு விண்ணப்பித்தபோது கொடுத்த கைரேகைகள் ஏற்கெனவே அவர்களிடம் உள்ளன. எந்த 180 நாள்களிலும் 90 நாள்களுக்கு மேல் தங்கக் கூடாது என்ற விதியை இனி விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை, கணினியே எண்ணிக்கொள்ளும்.

அதிகாரி கேட்பவை எளிய கேள்விகள்தாம்: எதற்காக வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், திரும்பும் பயணச்சீட்டு இருக்கிறதா. விசாவில் சொன்ன காரணத்தையே சுருக்கமாகச் சொன்னால் போதும். விடுதிப் பதிவு, திரும்பும் பயணச்சீட்டு, குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு, யாராவது அழைத்திருந்தால் அழைப்புக் கடிதம் ஆகியவற்றைக் காகிதத்தில் அச்சிட்டுக் கைப்பையில் வைத்திருங்கள். கைப்பேசியில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்; மின்கலம் தீர்ந்துபோகும், விமான நிலைய வைஃபை சில நேரம் இணையாது. 10,000 யூரோவோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொண்டுவந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

வீட்டிலிருந்து என்னென்ன தின்பண்டங்களைக் கொண்டுவரலாம்?

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. அம்மாக்கள் அன்போடு கட்டிக்கொடுப்பவற்றில் பாதி, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரக் கூடாத பொருள்கள். ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளிலிருந்து பயணிகள் இறைச்சியையும் பாலில் ஆனவற்றையும் கொண்டுவரக் கூடாது. நெய், பால்கோவா, பன்னீர், மோர்மிளகாய்க்கென்று உறைய வைத்த தயிர் எல்லாமே இதில் அடங்கும். நெய்யில் செய்த மைசூர்பாகு போன்ற இனிப்புகள் அதிகாரியின் பார்வையைப் பொறுத்தவை. வாதாடும் நேரமும் தெம்பும் அன்று இராது என்பதால் விட்டுவிட்டு வருவதே நல்லது. குழந்தைகளுக்கான பால்மாவு மட்டும் விதிவிலக்கு: பிரிக்கப்படாத நிறுவன உறையில், குளிர்சாதனம் தேவைப்படாததாக, 2 கிலோ வரை அனுமதி உண்டு.

பச்சையான தாவரப் பொருள்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். ஆகவே கறிவேப்பிலை, மாம்பழம், முருங்கைக்காய், வெற்றிலை, மல்லிகைச் சரம் எதுவும் வேண்டாம். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சம்பழம், முள்நாறிப்பழம் (டுரியன்) ஆகிய ஐந்துக்கும் மட்டும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. மீனுக்கு உள்ள விதி பலருக்கு வியப்பாக இருக்கும்: ஒருவர் தம் சொந்தத் தேவைக்கு 20 கிலோ வரை கொண்டுவரலாம், அதனால் கருவாட்டுக்குச் சட்டப்படி தடையில்லை. ஆனால் விடுதி அறையின் சன்னலைத் திறந்து வைத்தாலும் அதன் மணம் போகாது என்பதைச் சட்டம் கணக்கில் கொள்ளவில்லை.

இட்லிப்பொடி, பருப்புப்பொடி, சாம்பார்ப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், அரிசி, முறுக்கு போன்றவற்றுக்குத் தடை இல்லை. ஊறுகாயையும் புளிக்காய்ச்சலையும் சோதனையிடுபவர்கள் திரவமாகவே கருதுவார்கள்; அவற்றைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் வையுங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் மாறுபவர்களுக்குக் கைப்பையின் சுங்கச் சோதனை ஃபிராங்க்ஃபர்ட்டிலும், விமானத்தில் ஏற்றிய பெட்டியின் சோதனை வியன்னாவிலும் நடக்கும். பவர் பேங்க் மட்டும் ஊறுகாய்க்கு நேர்மாறு: பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

பெட்டி வரவில்லை என்றால் என்ன செய்வது?

பெட்டிகள் வரும் கூடத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே அங்குள்ள பெட்டி விசாரணை முகப்பில் புகாரைப் பதிவு செய்து, அதற்கான எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பன்னாட்டு விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, பெட்டி சேதமடைந்திருந்தால் கையில் கிடைத்ததிலிருந்து 7 நாள்களுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்தால் 21 நாள்களுக்குள்ளும் விமான நிறுவனத்திடம் எழுத்துமூலம் முறையிட வேண்டும். அவசரத்துக்கு வாங்கும் உடைகளின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு மாற்றுடையும், இரண்டு நாள் மருந்தும், தங்குமிட முகவரியும் கைப்பையில் இருந்தால் பெட்டி மறுநாள் வந்தாலும் பெரிய சங்கடம் இராது.

விமானமே தாமதமாகும்போது கிடைக்கும் பாதுகாப்பில் ஒரு வேறுபாடு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பயணிகள் உரிமைச் சட்டம், ஒன்றியத்துக்குள் இருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும், வெளியிலிருந்து ஒன்றியத்துக்கு வரும் ஐரோப்பிய நிறுவன விமானங்களுக்கும் பொருந்தும். ஆகவே சென்னையிலிருந்து லுஃப்தான்சாவில் வருபவருக்கு அது உண்டு. வளைகுடா நிறுவனங்களில் வருபவருக்கு, வரும் வழியில் அது இல்லை.

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் எப்படிப் போவது?

விமான நிலையம் நகருக்குத் தென்கிழக்கில் ஷ்வேஷாட்டில் உள்ளது. ரயில் நிலையம் அதன் அடியிலேயே இருக்கிறது. மூன்று வகை ரயில்கள் உண்டு. எஸ்7 என்ற புறநகர் ரயில் ஏறத்தாழ 25 நிமிடங்களில் வீன் மிட்டே நிலையத்தை அடையும். ரெயில்ஜெட் எனப்படும் நெடுந்தூர ரயில் சுமார் 15 நிமிடங்களில் தலைமை ரயில் நிலையமான ஹாப்ட்பான்ஹோஃபுக்குப் போகும். கேட் என்ற பச்சை நிற விரைவு ரயில் 16 நிமிடங்களில் இடையில் எங்கும் நிற்காமல் வீன் மிட்டே போகும்.

விமான நிலையத்தில் எங்கு திரும்பினாலும் கேட் ரயிலின் விளம்பரம்தான் கண்ணில் படும். புதிதாக வருபவர்கள் அதுதான் ஒரே ரயில் என்று எண்ணி ஏறிவிடுகிறார்கள். மற்ற இரண்டைவிட அதன் கட்டணம் பல மடங்கு அதிகம், மிச்சமாவதோ பத்து நிமிடம். சாதாரண நகரப் பயணச்சீட்டு அதில் செல்லாது. என் கருத்தில், அலுவலகம் செலவை ஏற்றுக்கொள்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தேவையில்லை. தங்குமிடம் யு1 என்ற மெட்ரோ பாதையில் இருந்தால் ரெயில்ஜெட்டில் ஹாப்ட்பான்ஹோஃபும், யு3 அல்லது யு4 பாதையில் இருந்தால் எஸ்7-இல் வீன் மிட்டேயும் போய் மெட்ரோவுக்கு மாறுங்கள். நகரின் புறநகர் ரயில் பாதையில் பெரிய புதுப்பிப்புப் பணிகள் சில ஆண்டுகளுக்குத் திட்டமிடப்பட்டிருப்பதால், ஏறும் முன் ஆஸ்திரிய ரயில்வேயான ஓபிபியின் செயலியில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம். இரண்டு பெரிய பெட்டிகளும் குழந்தையும் இருந்தால், முன்பதிவு செய்து நிலையான கட்டணத்தில் வரும் டாக்சியே நிம்மதி.

பயணச்சீட்டை எங்கே வாங்குவது? நிலையத்தில் கதவே இல்லையே, யார் சரிபார்ப்பார்கள்?

இயந்திரத்திலும் செயலியிலும் வாங்கலாம். இயந்திரத்தில் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். விமான நிலையம் வியன்னா நகரின் கட்டண எல்லைக்கு வெளியே இருப்பதால், ஏற்கெனவே நகரத்துக்கான நாள் சீட்டோ வாரச் சீட்டோ வைத்திருப்பவர்களும் எல்லை வரைக்குமான சிறு கூடுதல் சீட்டை வாங்க வேண்டும்.

வியன்னா மெட்ரோ நிலையங்களில் தடுப்புக் கதவுகள் கிடையாது. யார் வேண்டுமானாலும் நடைமேடைக்குப் போகலாம். சாதாரண உடையில் வரும் பரிசோதகர்கள் திடீரென ரயில் பெட்டிக்குள் நின்று சீட்டைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் நூறு யூரோவுக்கு மேல் அபராதம். காகிதச் சீட்டில் நேர முத்திரை இல்லையென்றால் நடைமேடைக்குச் செல்லும் வழியில் உள்ள சிறு பெட்டியில் அதைச் செருகி முத்திரை பதிக்க வேண்டும். முத்திரையில்லாத சீட்டு சீட்டே இல்லாததற்குச் சமம், ஊருக்குப் புதிது என்ற விளக்கமும் எடுபடாது.

வரைபடத்தில் யு1, யு2, யு3, யு4, யு6 என்றுதான் இருக்கும். யு5 எங்கே என்று தேடாதீர்கள், அதை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ இரவு முழுவதும் ஓடும். மற்ற நாள்களில் நள்ளிரவுக்குச் சற்றுப் பின் நின்றுவிடும். அதன் பிறகு இரவுப் பேருந்துகள்தாம்.

முகவரியில் 40/2/15 என்று மூன்று எண்கள் உள்ளன. எது வீட்டு எண்?

முதல் எண் கட்டடத்துக்கு, இரண்டாவது அந்தக் கட்டடத்திலுள்ள படிக்கட்டுத் தொகுதிக்கு, மூன்றாவது வீட்டுக் கதவுக்கு உரியது. ஒரே தெருவாசலுக்குள் நுழைந்தால் உள்முற்றத்தைச் சுற்றி இரண்டு, மூன்று படிக்கட்டுகள் தனித்தனியாக மேலே போகும். தவறான படிக்கட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறிய பின்தான் பலருக்கு அந்த நடு எண்ணின் அருமை புரியும். இரண்டு எண்களே இருந்தால் அவை கட்டடமும் கதவும் ஆகும். தெருவாசலில் உள்ள அழைப்புமணிப் பலகையில் பெரும்பாலும் கதவு எண்கள்தாம் இருக்கும், குடியிருப்பவர் பெயர் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. 15 என்பதை அழுத்தினால் கதவு ரீங்காரமிடும், அந்த ஒலி நிற்பதற்குள் தள்ளித் திறக்க வேண்டும்.

அஞ்சல் குறியீட்டின் நடு இரண்டு இலக்கங்கள் நகர வட்டத்தைக் குறிக்கும். 1070 என்றால் 7-ஆம் வட்டம், 1160 என்றால் 16-ஆம் வட்டம். தெருப்பெயர்ப் பலகையின் தொடக்கத்திலும் வட்ட எண் இருக்கும். தெருவின் ஒரு பக்கம் ஒற்றைப்படை எண்களும் மறுபக்கம் இரட்டைப்படை எண்களும் வருகின்றன. இதனால் எதிர்ப்பக்கக் கட்டடத்தின் எண் உங்கள் பக்கத்து எண்ணோடு பொருந்தாமல் வெகுதூரம் விலகியிருக்கவும் கூடும்.

மாடிக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த பல கட்டடங்களில் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் இடையே ஹோக்பார்ட்டேர், மெட்சானின் என்று ஒன்றிரண்டு தளங்கள் எண்ணில் சேராமல் இருக்கும். வீட்டுக்காரர் இரண்டாம் மாடிதான், லிஃப்ட் இல்லாவிட்டால் என்ன என்று சொன்னால், நம் கணக்கில் அது நான்காம் மாடியாகவும் இருக்கலாம். லிஃப்ட் இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

சாவி விஷயத்தில் எச்சரிக்கை எதற்கு?

வீட்டுக் கதவுகள் பலவற்றுக்கு வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி இல்லை, அசையாத குமிழ்தான். சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். குப்பை போட இரண்டு நிமிடம் வெளியே போகும்போதும் சாவி கையில் இருக்க வேண்டும். உட்பக்கம் சாவியைத் துளையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தால், மாற்றுச் சாவி வைத்திருப்பவராலும் திறக்க முடியாமல் போகலாம். பூட்டுத் திறப்பவரை இரவில் அழைத்தால் கட்டணம் மயக்கம் தரும் அளவுக்கு இருக்கும். அவர் வேலையைத் தொடங்கும் முன்பே மொத்தத் தொகையைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

காலையிலேயே வந்துவிட்டால் அறை கிடைக்குமா?

பெரும்பாலான விடுதிகளில் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். பெட்டிகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வாடகை வீடுகளில் அந்த வசதி இராது. அப்படியானால் ஹாப்ட்பான்ஹோஃபில் உள்ள பெட்டகங்களைப் பயன்படுத்தலாம்.

தண்ணீர், குளியலறை, மின்செருகி எப்படி இருக்கும்?

குழாய்த் தண்ணீரைத் தயக்கமின்றிக் குடிக்கலாம். ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து 1873-இல் அமைத்த ஒரு நீர்ப்பாதையும் 1910-இல் அமைத்த மற்றொன்றும், நீரேற்று இயந்திரம் இல்லாமல் சரிவின் விசையாலேயே அந்த நீரை நகருக்குக் கொண்டுவருகின்றன. தெருக்களிலும் பூங்காக்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிநீர்க் குழாய்கள் உள்ளன. புட்டித் தண்ணீர் வாங்குவது இந்த ஊரில் வீண்செலவு.

குளியலறைத் தரையில் நீர் வடியும் துளை பெரும்பாலும் இராது. குளிக்கும் தொட்டிக்கோ கண்ணாடி அடைப்புக்கோ வெளியே நீர் கொட்டினால் அது அடுத்த வீட்டுக் கூரையில் கசிந்து, பழுதுபார்க்கும் செலவு உங்களிடம் வந்து சேரும். கழிப்பறையில் கைக்குழாய் கிடையாது, ஒரு சிறு குவளையைக் கொண்டுபோவது உதவும். மின்னழுத்தம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட். நம் கைப்பேசி மின்னேற்றியின் மெல்லிய இரட்டைக் கம்பிகள் அப்படியே பொருந்தும்; மூன்று கம்பிச் செருகிகளுக்கு மாற்றி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி காக்க வேண்டிய நேரம்.

ஞாயிற்றுக்கிழமை இறங்குகிறேன். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறைகளிலும் சூப்பர் மார்க்கெட்டுகள் உட்பட ஏறத்தாழ எல்லாக் கடைகளும் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலை 6 மணிக்கே மூடிவிடுவார்கள்; மற்ற நாள்களிலும் இரவு 9 மணிக்கு மேல் திறந்திருக்கச் சட்டம் இடம் தராது, நடைமுறையில் எட்டு மணியளவிலேயே பல கடைகள் சாத்திவிடும். தெருமுனைக் கடை எந்நேரமும் உண்டு என்று பழகிய நமக்கு இது முதலில் நம்ப முடியாததாகவே இருக்கும்.

இதற்கு விதிவிலக்கானவை விமான நிலையத்திலும் ஹாப்ட்பான்ஹோஃப், வீன் மிட்டே, பிராட்டர்ஸ்டெர்ன் போன்ற பெரிய ரயில் நிலையங்களிலும் உள்ள சூப்பர் மார்க்கெட்டுகள். ஞாயிறன்று இறங்குபவர்கள் ரயில் ஏறுவதற்கு முன்பே விமான நிலையத்தில் பால், தயிர், ரொட்டி, பழம், முட்டை ஆகியவற்றை வாங்கிவிடுவது நல்லது. நகருக்குள் வந்த பிறகு அதற்காக மீண்டும் கிளம்ப உடம்பு ஒத்துழைக்காது. பானம் அடைத்த பிளாஸ்டிக் புட்டிக்கும் தகரக் கேனுக்கும் 2025 சனவரி 1 முதல் 25 சென்ட் வைப்புத்தொகை சேர்த்து வாங்குகிறார்கள்; காலியானதும் நசுக்காமல் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும்.

உணவகங்கள் ஞாயிறன்றும் இருக்கும், ஆனால் சமையலறையை இரவு 9, 10 மணிக்குள் மூடிவிடுவார்கள். சைவ உணவு கேட்பவர்கள் மீனும் கூடாது, இறைச்சிச் சாறும் கூடாது என்று தனித்தனியாகச் சொல்லிவிட வேண்டும். பாலாடைக்கட்டியும் வெங்காயமும் சேர்த்துச் செய்யும் கேசஷ்பேட்ஸ்லே என்ற சூடான உணவு, நீண்ட பயணத்துக்குப் பின் பசித்த வயிற்றுக்கு ஏற்றது. நம் ஊர்ப் பருப்பும் மசாலாவும் வேண்டுமென்றால் 7-ஆம் வட்டத்தில் விம்பெர்கர்காசே தெருவிலுள்ள புரோசி கடையில் கிடைக்கும், ஆனால் அது மறுநாள் வேலை. அன்றிரவுக்குக் கைவசமுள்ள பருப்புப்பொடியும் ஒரு கைப்பிடி அரிசியும் போதும்.

பணமா, அட்டையா?

இரண்டும் வேண்டும். மெட்ரோ, சூப்பர் மார்க்கெட் எல்லாவற்றிலும் அட்டை செல்லும். சிறிய காபிக் கடைகளிலும் தெருவோரத் தின்பண்டக் கடைகளிலும் ரொக்கம் மட்டும் என்ற அறிவிப்பை இன்றும் காணலாம். ஐம்பது, நூறு யூரோவைச் சிறு தாள்களாக வைத்திருந்தால் முதல் நாளைக் கடத்திவிடலாம். பணம் எடுக்க வங்கிகளின் இயந்திரங்களையே நாடுங்கள். சுற்றுலாத் தெருக்களில் தனியார் வைத்துள்ளவற்றில் மாற்று விகிதம் மோசமாக இருக்கும். எந்த இயந்திரமும் ரூபாயில் கணக்கிடவா, யூரோவிலா என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் கண்ணுக்குப் பழகியதாக இருப்பதால் அதை அழுத்தத் தோன்றும், இழப்பு நமக்குத்தான். உணவகத்தில் அன்பளிப்பாகப் பத்து விழுக்காட்டு அளவில் கூட்டி, கொடுக்கப்போகும் மொத்தத் தொகையைப் பணம் தரும்போதே வாயால் சொல்லிவிடுவது அவ்வூர் வழக்கம்.

கைப்பேசி இணைப்புக்கு என்ன வழி?

முன்பணச் சிம் வாங்க அடையாளச் சான்று கட்டாயம், கடவுச்சீட்டை எடுத்துச் செல்லுங்கள். உங்கள் கைப்பேசி ஏற்குமானால், ஊரிலேயே ஒரு மின்சிம்மை (இ-சிம்) வாங்கி நிறுவிக்கொண்டு இறங்கியதும் இயக்குவது எல்லாவற்றிலும் எளிது. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) இந்திய எண்ணுக்கு வரும் என்பதால் பழைய சிம்மை அகற்றிவிடாதீர்கள்.

இறங்கியதும் தூங்கலாமா?

இந்திய நேரத்துக்கு வியன்னா குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்தங்கியது. மாலை 7 மணிக்கே உங்கள் உடம்புக்குக் குளிர்காலத்தில் இரவு பதினொன்றரையும் கோடையில் பத்தரையும் ஆகியிருக்கும். அப்போது படுத்துவிட்டால் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, மறுநாளும் அதே கதைதான். எப்படியாவது இரவு ஒன்பதரை வரை விழித்திருந்தால், மேற்கு நோக்கிய பயணம் என்பதால் ஓரிரு நாளில் உடம்பு பழகிவிடும். பிற்பகலில் கண் சொக்கினால் அரைமணி நேரம் மட்டும், அலாரம் வைத்துக்கொண்டு.

விழித்திருக்க உதவும் பெரிய துணை பகல் வெளிச்சம். சூன் மாதத்தில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். திசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், அப்போது அறைக்குள் உட்கார்ந்தால் தூக்கத்தை வெல்ல முடியாது.

அப்படியானால் அன்று மாலை எங்கே போகலாம்?

நுழைவுச்சீட்டு தேவைப்படும் எதற்கும் போகாதீர்கள். வியன்னாவுக்கு வந்துவிட்டோம் என்ற ஆர்வத்தில் முதல் நாள் இரவுக்கே இசை நிகழ்ச்சிக்குப் பதிவு செய்பவர்கள் இருக்கிறார்கள். நூறு யூரோ கொடுத்து மோட்சார்ட்டின் இசையில் உறங்குவது விலையுயர்ந்த தாலாட்டு. நடையே போதும். யு1 அல்லது யு3-இல் ஷ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் நிலையத்தில் இறங்கி மேலே வந்தால், 136 மீட்டர் உயரத் தென்கோபுரத்தோடு புனித ஸ்டீபன் பேராலயம் நேர் எதிரே எழுந்து நிற்கும். அங்கிருந்து கிராபென், கோல்மார்க்ட் தெருக்கள் வழியாக நடந்து, ஹோஃப்பூர்க் அரண்மனையின் வளைவுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறினால் ஹெல்டன்பிளாட்ஸ் திடல். மொத்தமே ஒரு கிலோமீட்டர் அளவுதான், வண்டிகளின் தொல்லையும் குறைவு. திடலைக் கடந்தால் 1865-இல் திறக்கப்பட்ட ரிங் சாலை. கால் வலித்தால் அங்கே ஒரு டிராமில் ஏறி, சன்னல் வழியே ஓப்பெரா அரங்கையும் நாடாளுமன்றத்தையும் பார்த்துக்கொண்டு திரும்பலாம்.

நடைபாதையில் மிதிவண்டிக்கென்று கோடிட்ட பகுதியில் நடக்காதீர்கள், மணியடித்தபடி வேகமாக வருவார்கள். வண்டியே வராவிட்டாலும் சிவப்பு விளக்கில் மக்கள் காத்து நிற்பதைப் பார்ப்பீர்கள். நீங்களும் நில்லுங்கள், மீறினால் அபராதம் உண்டு.

உடம்புக்கு முடியாமல் போனால்?

உயிராபத்தான நிலைக்கு ஆம்புலன்ஸ் எண் 144. ஐரோப்பா முழுவதற்குமான பொது அவசர எண் 112. அவ்வளவு அவசரமில்லாத ஆலோசனைக்கு 1450. காய்ச்சல் மாத்திரை கூட மருந்துக் கடையில்தான் கிடைக்கும், சூப்பர் மார்க்கெட்டிலோ அழகுசாதனக் கடைகளிலோ விற்பதில்லை. மூடியிருக்கும் மருந்துக் கடையின் கதவில், அன்றிரவு திறந்திருக்கும் அருகிலுள்ள கடையின் முகவரியை ஒட்டி வைத்திருப்பார்கள். ஆகவே இரண்டு பாரசிட்டமால் அட்டைகளை ஊரிலிருந்தே கொண்டுவருவதும், வழக்கமாக உண்ணும் மருந்துகளுக்கு மருத்துவரின் சீட்டை ஆங்கிலத்தில் வைத்திருப்பதும் நல்லது. கடவுச்சீட்டு தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் எழுதி வாங்கிக்கொண்டு, கேர்ன்ட்னர் ரிங் 2 என்ற முகவரியிலுள்ள இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும்.

படிக்கவோ வேலைக்கோ வந்திருக்கிறேன். முதல் நாளே பதிவு செய்ய வேண்டுமா?

முதல் நாளே வேண்டாம், ஆனால் குடியேறியதிலிருந்து மூன்று நாள்களுக்குள் முகவரிப் பதிவை முடித்திருக்க வேண்டும். மெல்டெட்செட்டல் என்ற அந்தப் படிவத்தில் வீட்டுக்காரரின் கையொப்பம் தேவை. சாவி வாங்கும்போதே அதைக் கையொப்பமிட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு அவரைத் தேடுவது பெரும்பாடு. படிவத்தோடும் கடவுச்சீட்டோடும் மாநகராட்சியின் எந்த வட்ட அலுவலகத்துக்கும் செல்லலாம், கட்டணம் இல்லை. வங்கிக் கணக்கு முதல் குடியிருப்பு அனுமதி வரை பிறகு எங்கு போனாலும் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். உறவினர், நண்பர் வீட்டில் மூன்று நாளுக்கு மேல் தங்கும் விருந்தினர்களுக்கும் இந்த விதி பொருந்தும். விடுதியில் தங்குபவர்களுக்கு இந்த வேலை இல்லை. விருந்தினர் படிவத்தில் கையொப்பமிட்டால் விடுதியே பார்த்துக்கொள்ளும்.